நடு நாற்காலி

சைகோன்
19 மே 1996, ஞாயிறு

மியென்,

"அன்புள்ள" என்று தொடங்கக் கை வரவில்லை. நீ என் தங்கை என்பதால் உன் பேரையாவது எழுதினேன். உன் புருஷன் லுவான் பேரை எழுதும்போதே பேனா முள் உடைகிறது.

இன்று காலை என் காபிக் கடையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேரும் ஞாத் தாவ் சந்தையில் பழைய ஸ்பீக்கர் தேடித் தேடியே தலை நரைத்தவர்கள். லுவான் சரிசெய்து அனுப்பிய பெட்டி ஜோடியை முதல் முறையாகப் பாட வைக்கும் நாள். வழக்கம்போல இரண்டு பெட்டிக்கும் எதிரே, சரியாக நடுவில், ஒரே ஒரு நாற்காலி போட்டேன். நல்ல ஜோடியாக இருந்தால் அதில் உட்காருகிறவனுக்குப் பாட்டு பெட்டியிலிருந்து வராது. பாடுகிறவள் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நிற்பாள். "ஆள் வந்தாச்சா?" என்று மட்டும்தான் நாங்கள் கேட்போம். இதெல்லாம் உன் வீட்டில் நீ தினமும் கேட்கிற பேச்சுதான்.

மூத்தவர் என்று ஹியென் வாத்தியாரை உட்கார வைத்தேன். அந்தப் பழைய மழைப் பாட்டு நாடாவை ஓட விட்டேன். அவர் கண்ணை மூடினார். மூடிய கண் மூடியபடி இருக்க, புருவம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"ஆள் வந்தாச்சா வாத்தியாரே?"

"வந்திருக்கா. எங்கன்னுதான் தெரியல. சுவத்துல இருக்கா, என் முதுகுக்குப் பின்னால இருக்கா. உன் கக்கூஸ்ல போய்ப் பாரு, அங்கயும் இருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அடிக்குரல் சுத்தமாக இல்லை. தகர டப்பாவில் அரிசி குலுக்கின மாதிரி இருந்தது. காபி தருகிற ஓவான்கூட, என் மனைவி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் காரணம் தெரியும். துறைமுகக் கொட்டகையில் அந்த ஜோடியை முதலில் பார்த்தவன் லுவான். விலை பேசி முடித்தவன் நான். அன்றிலிருந்து மனதில் வைத்திருந்து, சரிசெய்யக் கொடுத்தபோது பழி தீர்த்துவிட்டான். "வேண்டுமென்றே செய்தேன், தப்புதான்" என்று அவன் கைப்பட ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால், அடுத்த மாதக் கப்பல் சரக்கில் ஒரு பெட்டியும் உங்கள் மலைக்கு ஏறாது. இங்கே யாரும் அனுப்பவும் மாட்டார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிறு பூசைக்குப் போகாமல் கடை திறந்ததற்குத் தண்டனை என்று நீ எழுதுவாய். எழுதாதே.

கியெம்


சேசு மரி சூசை

டாலாட்
24 மே 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

பூசையைப் பற்றி நான் எழுதவில்லை. நீங்களே எழுதிக்கொண்டீர்கள்.

உங்கள் கடிதத்தை லாம் அண்ணன் பஸ்ஸை நிறுத்தி நேரில் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதனால் பதில் என்னுடையது.

தப்பு அவர் செய்யவில்லை, நான் செய்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டு வருடமாக நுண்ணிய வேலையெல்லாம் என் கைதான் செய்கிறது. மக்கிப்போன நுரை வளையத்தைச் சுரண்டி எடுத்துப் புது வளையம் ஒட்டுவது, முடியளவு வயரை ஈயம் வைத்துப் பற்றவைப்பது, எல்லாம். அவர் செப்புக் கம்பிச் சுருள் சுற்றுவார், கடைசியில் நடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். இடது பெட்டியின் சுருள் எரிந்திருந்ததால் அவர் புதிதாகச் சுற்றினார். அதன் இரண்டு முனைகளையும் நான் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். என் நோட்டில் பார்த்தேன். ஏப்ரல் 26, இடது பெட்டி, முனைகள் பற்றவைத்தது, என்று இருக்கிறது. அன்று மாதாவின் வணக்க மாதத்துக்குப் பூமாலை கட்டும் முறை எனக்கு. அவசரப்பட்டிருப்பேன். ஒரு பெட்டி மூச்சை வெளியே விடும்போது மற்றது உள்ளே இழுத்தால், நடுவில் நிற்பதற்கு யாருக்கும் இடம் கிடைக்காது.

பரிகாரம் எளிது. இடது பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் இரண்டு வயரையும் கழற்றி, ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகுங்கள். அவ்வளவுதான். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

என்னை மன்னித்துவிடுங்கள். ஓவான் அண்ணிக்கு ஸ்ட்ராபெர்ரி ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். சிரித்தாலும் அவர்களுக்குத்தான்.

உங்கள் தங்கை
மரிய மியென்


சைகோன்
30 மே 1996

மியென்,

வயரை மாற்றிச் செருகினேன்.

காலை பத்து மணி இருக்கும், கடையில் ஆள் இல்லை. நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது. முதலில் மழை, பிறகு கிதார். அப்புறம் அவள் வந்தாள். ஐஸ் வாளிக்கும் கல்லாவுக்கும் நடுவே, தரையிலிருந்து என் நெஞ்சு உயரத்தில் அவள் வாய். பாடுவதற்கு முன்னால் உதட்டைப் பிரிக்கிற ஈரச் சத்தம்கூடக் கேட்டது. ஓவான் டம்ளர் தட்டோடு அந்தப் பக்கமாக வந்தவள், சட்டென்று நின்று, சுற்றிக்கொண்டு போனாள். வெறும் தரை அது. யாரும் நிற்காத இடத்துக்கு வழிவிட்டுப் போகிறாள்! "ஏன் சுத்திப் போறே?" என்றேன். "தெரியல, குறுக்க போகக்கூடாதுன்னு தோணிச்சு" என்றாள்.

அதனால் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. கோபம் முன்னைவிட அதிகமாகிவிட்டது.

உன் கை தப்பியது, சரி. அவன் காது என்ன ஆயிற்று? இந்த ஊரில் எல்லாரும் சின்ன பேட்டரியை வயரில் தொட்டு, முனை சரியா என்று அறிய, பெட்டியின் காகிதக் கூம்பு முன்னால் துள்ளுகிறதா பின்னால் போகிறதா என்று பார்ப்பார்கள். உன் புருஷன் ஒருவன்தான் பேட்டரி தொடாதவன். "காது இருக்கறவனுக்கு பேட்டரி எதுக்குடா?" என்று என் கடையில் என் காபியைக் குடித்துக்கொண்டு என்னையே கேட்டவன். பக்கத்து வீட்டுக் கொசு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்கிற காது. அந்தக் காதோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் வரவில்லை என்று தெரிந்தே, பெட்டியைக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறான். உன் தப்பைப் பார்த்தான், பயன்படுத்திக்கொண்டான். இதற்கு என்ன பதில் சொல்லப் போகிறாய்?

ஹியென் வாத்தியார் உங்கள் வீட்டில் கொடுத்த பெட்டியை லாமிடம் சொல்லித் திரும்ப எடுத்துவிட்டார். நான் சொல்லவில்லை. சொன்னேன் என்று வைத்துக்கொள்.

கியெம்

ஜாம் நன்றாக இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.


சேசு மரி சூசை

டாலாட்
5 ஜூன் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹியென் வாத்தியாரின் பெட்டி போய்விட்டது. மூன்று நாளில் இன்னும் இரண்டு பேர் தங்கள் பெட்டிகளை ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார்கள். முன்னறை காலியாகக் கிடக்கிறது. பெருக்கினால் என் விளக்குமாற்றுச் சத்தம் எனக்கே எதிரொலிக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன் என்று மாதா சுரூபத்தின் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் உங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்பது மட்டும் உண்மை. தங்கை சொல்கிறாள் என்று இதை நம்பக்கூடாதா?

மியென்


(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை. நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதப்பட்டது.)

டாலாட்
6 ஜூன் 1996

அண்ணா,

அனுப்ப மாட்டேன் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

தெத் புத்தாண்டு முடிந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கிறதா? ஏழு நாள் படுத்திருந்தார். எழுந்தவர் பழையபடிதான் இருந்தார், ஆனால் நான் கூப்பிட்டால் சில நேரம் பதில் வராது. கோபம் என்று நினைத்தேன். கோயிலில் எப்போதும் எனக்கு வலது பக்கம் உட்காருகிறவர், இடது பக்கம் மாறிக்கொண்டார். தூண் மறைக்கிறது என்றார். சரி என்றேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த மறுநாள் முன்னறையைப் பெருக்கும்போது பார்த்தேன். எங்கள் சொந்த ஜோடிக்கு எதிரே நடு நாற்காலி இருபது வருடமாக ஒரே இடத்தில் இருக்கும். பலகைத் தரையில் அதன் நாலு காலுக்கும் நாலு குழி விழுந்திருக்கிறது. இப்போது நாற்காலி அந்தக் குழியில் இல்லை. ஒரு சாண் இடது பக்கம் தள்ளி, கோணலாகத் திரும்பி, வலது காதை இரண்டு பெட்டிக்கும் காட்டுகிற மாதிரி நிற்கிறது. தினமும் பெருக்குகிறவள் நான், மூன்று மாதமாக அதைச் சுற்றியே பெருக்கியிருக்கிறேன்.

அவர் தோட்டத்தில் கோசு வெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் போய் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, "டீ ஆறுது" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய்ச் சொன்னேன். திரும்பவில்லை. தகரத் தட்டைக் கீழே போட்டேன். அவர் திரும்பினார். நான் நின்ற பக்கம் இல்லை, யாரும் இல்லாத வலது பக்கம் திரும்பி, "என்ன மியென்?" என்று மூடுபனியைப் பார்த்துக் கேட்டார்.

அப்புறம்தான் சொன்னார், இடது காது கேட்கவில்லை என்று. டாக்டரிடம் காய்ச்சல் விட்டதுமே தனியாகப் போய் வந்திருக்கிறார். நரம்பு போய்விட்டதாம், திரும்பாதாம். உங்கள் பெட்டியில் அடிக்குரல் இல்லை என்று அவருக்கும் கேட்டிருக்கிறது. புது வளையம் இறுக்கமாக இருக்கிறது, பத்து நாள் பாடினால் இளகும் என்று நினைத்திருக்கிறார். ஆள் வந்தாளா இல்லையா என்று தெரிய இரண்டு காது வேண்டும். அது அவருக்கு இல்லை. பேட்டரி தொடவும் மானம் விடவில்லை.

"அண்ணாகிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

"வேணாம். திருடன்னு சொல்லட்டும், வஞ்சம் வெச்சவன்னு சொல்லட்டும். செவிடன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது. செவிடன்கிட்ட எவன் பெட்டி குடுப்பான்?"

வஞ்சகனிடம் மட்டும் யார் கொடுப்பார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மாதா முன்னால் கையை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று காலை அவர் விதை வாங்கப் போனபோது, நாற்காலியை எடுத்து அந்த நாலு குழியில் திரும்ப வைத்தேன். ஆண்கள் உட்காருகிற நாற்காலி அது; இருபது வருடத்தில் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. மழைப் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அண்ணா, இத்தனை நாள் நீங்கள் எல்லாரும் ஏன் பைத்தியம் பிடித்து அலைந்தீர்கள் என்று இன்றுதான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி தோட்டத்தை மூடிக்கொண்டிருந்தது. மரம் போயிற்று, வேலி போயிற்று. அவள் மட்டும் உள்ளே வந்தாள். மாதா சுரூபத்துக்கும் அலமாரிக்கும் நடுவே நின்றாள், ஈரத்தலையோடு வந்தவள் மாதிரி. எனக்குக் கை கூப்பத் தோன்றியது, பயமாகவும் இருந்தது. கண்ணால் காணாத கடவுளை நம்புகிறவள் நான்; ஆனால் காணாத ஒருத்தி இத்தனை பக்கத்தில் நின்று மூச்சு விட்டு நான் கேட்டதில்லை. பாட்டு முடிந்ததும் அந்த இடத்தில் போய்க் கையை நீட்டிப் பார்த்தேன். குளிராக இருந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு இது இனி இல்லை. அதை நினைத்துத்தான் அழுதேன். உங்கள் கோபத்துக்காக அழவில்லை.

மியென்


சைகோன்
20 ஜூன் 1996

தங்கச்சி,

இந்தக் கடிதத்தை அவன் கண்ணில் காட்டாதே.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. வஞ்சம் வைத்தவன் இப்படியா செய்வான் என்று யோசித்தேன். இரண்டு வயரை மாற்றினால் தீர்ந்துவிடுகிற வஞ்சம் என்ன வஞ்சம்? கெடுக்க நினைத்திருந்தால் சுருளையே கெடுத்திருப்பான், ஜென்மத்துக்கும் சரியாகியிருக்காது. ஆனால் அந்தச் சுருள் இருக்கிறதே, அத்தனை அழகாக யாரும் சுற்ற முடியாது. பிறகு நேற்று லாம் வந்தான். காபி குடித்துக்கொண்டே, "உங்க மச்சானுக்கு என்ன ஆச்சுங்க? ரோட்டுல அவருக்கு இடப்பக்கம் ஒட்டிப் போய் ஹாரன் அடிச்சேன், திரும்பாம எருமை மாதிரி நடக்கறார்" என்றான்.

எனக்கு அப்போதுதான் மார்ச் மாதம் நினைவுக்கு வந்தது. பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டு அவன் உட்கார்ந்திருந்தான். நான் இடது பக்கம் கதவுக்கிட்ட நின்று மூன்று தரம் கூப்பிட்டேன். "ஜாக்கிரதையா கொண்டு போ மச்சான்" என்றுதான் சொல்ல வந்தேன். அவன் நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டான். ஜோடியை நான் முந்திக்கொண்ட கோபம், திமிர், என்று அன்றே முடிவு கட்டினேன். இந்தக் கடையில் நடந்த எல்லாவற்றையும் அந்தத் திமிரின் மேல்தான் கட்டினேன்.

உன் வாக்கை நீ மீற வேண்டாம். இதற்குப் பதில் எழுத வேண்டாம். நான் எதையும் கேட்கவில்லை, நீ எதையும் சொல்லவில்லை.

லாமிடம் ஒரு பெட்டி அனுப்புகிறேன். ஒன்றுதான், ஜோடி கிடையாது. தொலையவில்லை, பிறவியிலேயே ஒற்றை. ஒரே பெட்டியில் மொத்தப் பாட்டும் வர வேண்டும் என்று இருந்த காலத்தில் செய்தது, நம் அம்மா வயது இருக்கும். அதற்கு நடு என்று ஒன்று கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். வளையம் மக்கிவிட்டது. கூம்பு கிழிந்திருக்கிறது. சந்தையில் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள். "முடிந்தால் பார்" என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். வேறொன்றும் எழுதவில்லை.

கியெம்


சேசு மரி சூசை

டாலாட்
27 ஜூன் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெட்டி வந்தது. லாம் அண்ணனும் இன்னொருவரும் தூக்கி வந்து முன்னறையில் வைத்தார்கள். அவர் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். சீட்டை வாசித்தார். பின்பு என்னைப் பார்த்தார்.

"ஒத்தைப் பெட்டி. உங்க அண்ணன் வாழ்க்கையில ஒத்தைப் பெட்டி வாங்கினதே இல்ல. நீ சொன்னியா?"

"இல்ல."

"மாதா மேல?"

"மாதா மேல."

"அப்ப அவனாவே கண்டுபிடிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஐந்து நாளாகப் பெட்டி கயிற்றுக்கட்டோடு நிற்கிறது. அதன் மேல் அவர் தொப்பியைக்கூட வைப்பதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார், மீன் குழம்பு வேண்டுமா என்று கேட்டால் தலையாட்டுகிறார். என்னைச் சந்தேகப்படுகிறாரா, உங்களை நினைத்து வெட்கப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரு உறுத்தல். உங்களுக்கு எழுதி அனுப்பாத கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதியதே வாக்கு மீறியதாகுமா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன்.

"அனுப்பினியா?" என்றார் சாமியார்.

"இல்ல சாமி."

"அப்ப என்னத்துக்கு வரிசையில வந்து நிக்கிற? உனக்குப் பின்னால நிஜமான பாவத்தோட பதினாலு பேர் நிக்கறாங்க."

மூன்று அருள்நிறை மந்திரம் மட்டும் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன்.

கப்பல் சரக்கு வந்திருக்கும். எங்களுக்கு வேண்டாம் என்று அவர் சொல்வார். ஆனால் காலையில் பஸ் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போகிறார். வலது பக்கத்தைத் திருப்பி நின்று கேட்கிறார்.

மியென்


சைகோன்
7 ஜூலை 1996, ஞாயிறு

தங்கச்சி,

முதலில் இதை எழுதிவிடுகிறேன்: இன்று காலை ஐந்து மணிப் பூசைக்குப் போனேன். ஓவான் சாட்சி.

பூசை முடிந்து கடை திறந்தேன். ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஜோடியைப் பாட வைத்தேன். ஹியென் வாத்தியார் உட்கார்ந்தார். இந்தத் தரம் புருவம் ஏறவில்லை. பாட்டு முடிந்து வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை. எழுந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நிக்கறாடா" என்றார். "செருப்புப் போடல. வெறுங்காலோட நிக்கறா."

"அன்னைக்கு ஏன் வரல?" என்று ஒருவன் கேட்டான்.

நான் எழுந்து நின்று சொன்னேன். "லுவான் சரியாத்தான் அனுப்பினான். பெட்டிக்குப் பின்னால வயரை மாத்திச் செருகினவன் நான். வேகத்துல கவனிக்கல. பழியை அவன் மேல போட்டேன்."

பிறகு சிரித்தார்கள் பார், தெரு வரைக்கும் கேட்டிருக்கும். முப்பது வருடமாக ஸ்பீக்கர் வைத்திருக்கிறவன், வயர் செருகத் தெரியாதவன்! ஹியென் கணக்கு வாத்தியார் அல்லவா, கடையின் விலைக் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு, "இது ஒண்ணு, இது இன்னொண்ணு, எங்க சொல்லு?" என்று எனக்குப் பாடம் எடுத்தார். இனி சாகிற வரைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாத்தியார் பெட்டி நாளை லாம் பஸ்ஸில் திரும்ப உங்கள் வீட்டுக்கு வருகிறது. மற்ற இரண்டும் அடுத்த வாரம்.

நான் சொன்னது பொய். அதற்கு எத்தனை மந்திரம் என்று உன் சாமியாரிடம் கேட்டு எழுது.

இதை நீ அவனுக்கு வாசித்துக் காட்டலாம். எந்தப் பக்கம் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

கியெம்


சேசு மரி சூசை

டாலாட்
21 ஜூலை 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாமியாரிடம் கேட்கவில்லை. உங்களுக்காக நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து வாசித்தேன். கரும்பலகை வந்த இடத்தில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தை மூடிக்கொண்டார். "மானத்தை வித்துட்டு வந்திருக்கான் பாரு, கடன்காரப் பய" என்றார். பிறகு எழுந்து போய் ஒற்றைப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். கத்தி கொண்டு வரவா என்றேன். வேண்டாம் என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். லாம் அண்ணன் போட்ட முடிச்சு, ஒரு மணி நேரம் ஆயிற்று.

வேலை பத்து நாள் பிடித்தது. கூம்பின் கிழிசலை அரிசிக் காகிதம் வைத்து நான் ஒட்டினேன். வளையம் வெட்டினேன். வயர் பற்றவைக்கும்போது எந்த முனை எங்கே என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் கையில் எடுத்தேன். எல்லாம் முடிந்து நாற்காலிக்கு நகர்வார் என்று பார்த்தால், "சுவர்க் கடிகாரத்துல பேட்டரி இருக்கா?" என்றார். கழற்றிக் கொடுத்தேன். வயரில் தொட்டார். கூம்பு மெல்ல முன்னால் துள்ளியது, மூடிய கண்ணுக்குள் விழி அசைகிற மாதிரி.

"ஒத்தைப் பெட்டிக்கு இது எதுக்குங்க? எப்படிப் போனாலும் ஒண்ணுதானே?"

"தேவையில்லதான். பழகிக்கணும் இல்ல?" என்றார்.

அன்று பகலெல்லாம் மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பாட்டு கேட்குமா என்று நினைத்தேன். அதே மழைப் பாட்டைப் போட்டார். வெளியே பெய்கிற மழையும் பாட்டுக்குள் பெய்கிற மழையும் எங்கே பிரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் நடுவில் வரவில்லை. பெட்டிக்குள்ளேயே இருந்தாள், அடுத்த அறையில் வேலை செய்துகொண்டே தனக்காகப் பாடுகிறவள் மாதிரி. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சட்டியைக் கொண்டுபோய் ஒழுகுகிற இடத்தில் வைத்தார், ஜன்னலைச் சாத்தினார், எனக்கு டீ ஊற்றினார். வீட்டுக்குள் நடந்துகொண்டே கேட்டார். எந்த மூலைக்குப் போனாலும் பாட்டு அவரோடு வந்தது. "குறையே இல்ல மியென்" என்றார். "முழுசா இருக்கு."

ஹியென் வாத்தியாரின் ஜோடியும் முடிந்துவிட்டது. அதற்குத்தான் பயந்தேன். அவர் நடு நாற்காலியைத் தூக்கிப் பழைய நாலு குழியில் வைத்தார். துணியால் துடைத்தார். என் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்துவிட்டு, எனக்கு இடது பக்கம் தரையில் உட்கார்ந்தார், நான் சொல்வது அவர் காதில் விழ.

"ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"எங்க நிக்கறா?"

"அலமாரிப் பக்கம் ரெண்டு விரக்கடை தள்ளி."

எழுந்து போய் வலது பெட்டியை நூல் பிடித்த மாதிரி கொஞ்சம் திருப்பினார். வந்து உட்கார்ந்தார்.

"இப்ப?"

"இப்ப நடுவுல. மாதாவுக்கு நேரா."

"என்ன பண்றா?"

"மூச்சு விடறா. பாடப் போறா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்ததை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அனுப்பாத கடிதத்தை அவரிடம் வாசித்தேன். "அதையும் இதோட வெச்சு அனுப்பு" என்று அவரே சொன்னார். வாக்கை அவர் கையாலேயே எடுத்துவிட்டார், அதனால் அனுப்புகிறேன். உங்களுக்கு எழுதுகிறேன் என்றதும், "அடியில கொஞ்சம் இடம் விடு" என்றார். விட்டிருக்கிறேன். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

உங்கள் தங்கை
மரிய மியென்

மச்சான்,

இடது காது. தெத் முடிந்ததிலிருந்து. இதை நான்தான் உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கரும்பலகை முன்னால் நீ நின்றதை நேரில் பார்க்க முடியவில்லையே என்றுதான் வருத்தம். கப்பலில் நல்ல ஜோடி வந்தால் அனுப்பு. நாற்காலியில் இனி உன் தங்கைதான்.

வரும்போது ஒரு பேட்டரி வாங்கி வா. இங்கே நாலு நாளாகக் கடிகாரம் ஓடவில்லை.

லுவான்